அணையாத சிவப்பு

படக்காரிக்கு அன்று தலைகால் புரியவில்லை. அதில் நியாயமும் இருந்தது. பன்னிரண்டு வருடமாகக் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியவள் அவள். அவள் வேலை பார்த்த செய்தித்தளத்தில் அவள் படம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்த பெரிய மரியாதை நானூறு லைக். அதுவும் பேருந்து சீட்டில் ஒரு நாய் காலை நீட்டி உட்கார்ந்து பயணம் போன படம் என்பதால், மரியாதை நாய்க்கா அவளுக்கா என்பதில் சந்தேகம் இருந்தது. இப்போது பாருங்கள்! திங்கட்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு எடுத்த படத்தை, செவ்வாய்க்கிழமை காலை அவள் பல் துலக்கி முடிப்பதற்குள் ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். வாயில் நுரையோடு போனைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணைத் திரும்ப ஒருமுறை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். ஒன்பது லட்சம்தான்.

படம் என்றால் சாதாரணப் படம் இல்லை. நாலு ரோடு சந்திப்பு. பெயிண்ட் வாளிகளை ஏற்றி வந்த வேன் ஒன்று சிக்னலில் நிற்காமல் வந்து பேருந்தின் விலாவில் முட்டிய கணம். வாளிகள் வெடித்து, மஞ்சள் பெயிண்ட் பேருந்துக் கூரைக்கு மேலே எழும்பி, வெயிலில் பளபளவென்று அப்படியே நிற்கிறது. கீழே ஒரு பெண்மணி குடையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்க்கிறாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அடுத்த நொடி குடை மஞ்சளாகப் போகிறது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. வேன் டிரைவருக்குக் கை சுளுக்கு. பேருந்தில் ஜன்னலோரம் இருந்த பன்னிரண்டு பேர் மஞ்சளாக வீட்டுக்குப் போனார்கள்.

படத்தின் வலது மேல் மூலையில் சிக்னல் கம்பம் ஒன்று நின்றது. மூன்று வட்டங்கள். மூன்றும் கறுப்பு.

அதைப் படக்காரி எடுக்கும்போதும் பார்க்கவில்லை, போடும்போதும் பார்க்கவில்லை. ஆனால் இணையத்துக்கு ஆயிரம் கண். யாரோ ஒரு புண்ணியவான் அந்த மூலையைச் சுற்றி வட்டம் போட்டு, "சிக்னலே எரியல பாருங்கப்பா" என்று எழுதினான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அதுவரை "கவனிக்கலைங்க" என்று முனகிக்கொண்டிருந்த வேன் டிரைவர்கூட, "எரியலைங்க" என்று தெளிவாகப் பேச ஆரம்பித்துவிட்டார். சந்திப்பில் நின்ற வேறு யாரைக் கேட்டாலும் பெயிண்டைப் பற்றித்தான் பேசினார்கள். பெயிண்ட் பறக்கும்போது விளக்கை எவர் பார்ப்பார்? மூலைக்கடையில் ஒரு கண்காணிப்புக் கேமரா இருந்தது. அது மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ச்சுவரை. சிக்னலை ஓட்டும் பழைய பெட்டியோ எதையும் பதிவு செய்து வைக்கிற ஜாதி இல்லை. ஆக, சாட்சி என்று இருந்தது படக்காரியின் படம் ஒன்றுதான்.

ஆபீசுக்குப் போனதும் ஆசிரியர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எதிரே ஓடி வந்தார். சின்ன அறை, ஆறு மேசை, ஆறு பேர். ஆனால் சத்தம் அறுபது பேருக்கு இருந்தது.

"அடியம்மா, உன் கையைக் குடு, கண்ணுல ஒத்திக்கறேன்! ரெண்டு வெளிநாட்டு சேனல் கேட்டிருக்கான். இந்த வருஷம் போட்டோ விருதுக்கு உன் படத்தைத்தான் அனுப்பறேன். பேசாதே, அனுப்பறேன்!"

கேக் வந்தது. கேக்கோடு எல்லோரும் நிற்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். கொண்டாட்டம் அவளுக்காக, படம் எடுப்பதும் அவளேதான். அந்தத் தொழிலின் லட்சணம் அப்படி. அந்த அறையின் குழல் விளக்குகளில் படம் எடுத்தால் பட்டை பட்டையாக நிழல் விழும். அதனால் கேமராவின் மெனுவில் ஓர் ஏற்பாட்டைத் தட்டிவிட்டு, மேசைமேல் வைத்து, ஓடிப் போய் நடுவில் நின்றுகொண்டாள். படம் பளிச்சென்று வந்தது. வாயில் கிரீமோடு சிரிக்கும்போது போன் அடித்தது.

திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நாத்தனார்.

இரண்டு வருடமாக அந்தப் பெயர் திரையில் வந்ததில்லை. கணவனின் அக்கா. நகராட்சியில் சிக்னல் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரில் உள்ள கம்பம் எல்லாவற்றிலும் ஏறி இறங்குகிறவர். அந்தப் பிரிவிலேயே ஒரே பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது என்று வீட்டில் சொல்வார்கள். சண்டைக்குக் காரணம் ஒரு படம். நாத்தனாரின் பிறந்தநாளுக்குப் படக்காரி ஐம்பது படம் எடுத்து, அதில் ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டாள். அதில் நாத்தனாருக்கு ரெட்டைத் தாடை. நாலு பேர் சிரிப்புப் பொம்மையும் போட்டுவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் கணவன்தான்.

"சந்தோஷமா?" என்றது போன்.

"அண்ணி! என்ன அண்ணி, திடீர்னு..."

"ஒன்பது லட்சம் பேராமே. நல்லா இரு. அந்த விளக்கை அன்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கு மாத்தினது யாரு தெரியுமா? நான். ஏறி, மாட்டி, எரியுதான்னு எதிர்ல நின்னு கால் மணி நேரம் பாத்துட்டு, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டது நான். நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை, அதே கம்பத்தடியில. வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க. கேமராவை எடுத்துக்கிட்டு வா, அதையும் புடிச்சுப் போடு."

படக்காரி கேக்கைக் கீழே வைத்தாள். "அண்ணி, சத்தியமா அது உங்க கம்பம்னு எனக்குத் தெரியாது. நான் வேணும்னு..."

"அன்னிக்கு ஒரு தாடையை ரெண்டாக் காட்டினே. போனாப் போகுதுன்னு விட்டேன். இன்னிக்கு எரியற விளக்கை எரியலன்னு காட்டறியே அம்மா!"

"படம் பொய் சொல்லாது அண்ணி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"அப்ப நான்தான் பொய் சொல்றேன்," என்றார் நாத்தனார். போன் வைக்கப்பட்டது.

படக்காரிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. விளக்கு எரியவில்லை என்றால் எரியவில்லைதானே, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று பொருமிக்கொண்டே கணினியில் மூலப்படத்தைத் திறந்தாள். அந்த மூலையைப் பெரிதாக்கினாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. திருப்தியாக மூடப்போனவளின் கை நின்றது. பேருந்தின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஓடும் பலகை இருந்தது. அதில் பேருந்து எண்ணின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. மேல்பாதி இருட்டு.

அந்தப் பலகையையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது. பேருந்துப் பலகையும் கடைப் பலகையும் நம் கண்ணுக்கு விடாமல் எரிவதுபோலத் தெரியும். உண்மையில் ஒரு நொடியில் நூறு தடவை அணைந்து அணைந்து எரியும். கேமராவின் கதவை மெதுவாகத் திறந்து மூடினால் தெரியாது. படுவேகமாகத் திறந்து மூடினால், அணைந்திருக்கும் துளி நேரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். கடைப் பலகை எடுக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துக்கொள்வது அவளுக்குச் சோறு சாப்பிடுகிற மாதிரிப் பழக்கம். திங்கட்கிழமை அவள் அங்கே போனதோ சைக்கிளில் சாகசம் செய்யும் ஒருத்தியை எடுக்க. அதற்காக வேகத்தை ஏற்றி வைத்திருந்தாள்: ஒரு நொடியை நாலாயிரமாக நறுக்கினால் வரும் ஒரு துண்டு. வேன் முட்டியபோது அந்த வேகத்திலேயே அழுத்திவிட்டாள். பலகைக்கு ஆன கதி சிக்னல் விளக்குக்கும் ஆகியிருந்தால்?

"ஐயோ, அண்ணி!" என்று வாய்விட்டே கத்தினாள். பாதி கேக்கோடு நின்ற ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

கணவன் வீட்டில் இருந்துதான் வேலை பார்ப்பவன். இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுவான். படக்காரி மூச்சிரைக்க வந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் அக்காவுக்கு வேலை போகிறது என்பதைக் கேட்டதும் நாற்காலியோடு பின்னால் உருண்டான்.

"மிச்சப் படம் எங்க? நீ ஒண்ணா எடுத்திருப்பே? படபடன்னு அமுக்கியிருப்பியே!"

"முப்பத்தொண்ணு எடுத்தேன்."

"மத்த முப்பது?"

"அதை என்கிட்டக் கேக்கறீங்களா?" என்று இடுப்பில் கை வைத்தாள் அவள். "உங்க சல்லடை தின்னுடுச்சு!"

சல்லடை என்பது அவளுக்காக அவன் எழுதிக் கொடுத்த மென்பொருள். அவள் ஒரு காட்சிக்கு நாற்பது ஐம்பது என்று எடுத்துத் தள்ளுவாள். வீட்டில் இருந்த வட்டு எல்லாம் நிரம்பி வழிந்தது. சல்லடை அத்தனையையும் பார்த்து, ஆடியது, மங்கியது, எங்காவது வெளிச்சம் அதிகமாகிக் கண்ணைக் கூசுவது எல்லாவற்றையும் தள்ளி, நல்லது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு அழித்துவிடும். ஆளுக்கு ரெட்டைத் தாடை விழுகிறதா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது. அன்றைக்கு நாத்தனாரின் ஐம்பது படத்தில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த மகானுபாவனும் இதே சல்லடைதான்! அதை வீட்டில் யாரிடமும் சொல்லும் தைரியம் இரண்டு பேருக்குமே வரவில்லை.

"கார்டுல இருக்குமா?"

"அழிச்சுட்டு அதுலயே சாயங்காலம் கால்பந்து எடுத்தேன். முழுசா ரொம்பிடுச்சு."

கணவன் தலையில் கை வைத்தான். பிறகு வைத்த கையை எடுத்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்து அவள் கிட்டே வந்தாள்.

"இரு இரு இரு. படம் போச்சு. ஆனா ஏன் தள்ளினேன்னு சல்லடை ஒரு வரி எழுதி வைக்கும். நான்தான் அப்படி எழுத வச்சேன், தப்பு நடந்தா கண்டுபிடிக்க. இரு!"

விரல்கள் ஓடின. திரையில் ஒரு பட்டியல் விழுந்தது. முப்பது வரிகள். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்ட எட்டிப் பார்த்தார்கள். நாலாவது படம்: ஆடியிருக்கிறது. ஐந்தாவது படம்: வலது மேல் மூலையில் கண்கூசும் சிவப்பு வெளிச்சம், தள்ளுபடி. ஆறாவது: வலது மேல் மூலையில் கண்கூசும் சிவப்பு வெளிச்சம், தள்ளுபடி. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது...

"எரிஞ்சிருக்கு!" என்று கத்தினாள் படக்காரி. "எரிஞ்சிருக்குங்க! சிவப்பு எரிஞ்சிருக்கு!"

"இருபத்திரண்டு படத்துல!" என்று அவனும் கத்தினான். "விளக்கு எரிஞ்ச படத்தை எல்லாம் என் சல்லடை மோசம்னு தள்ளிட்டு, இருட்டா விழுந்ததை நல்ல படம்னு தூக்கிக் குடுத்திருக்கு. அட முட்டாள் பயலே!" கடைசியாகச் சொன்னது தன்னையா மென்பொருளையா என்று அவனுக்கே தெரியாது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார்.

குதித்து முடித்ததும் படக்காரி ஆசிரியருக்குப் போன் போட்டாள். "படத்துக்குக் கீழ இப்பவே எழுதுங்க. விளக்கு எரிஞ்சுது, கேமராதான் காட்டலன்னு."

"அம்மாடி, பதினோரு லட்சம் ஓடிக்கிட்டிருக்கு," என்றார் ஆசிரியர், கெஞ்சாத குறையாக. "விசாரணை முடியட்டுமே. விருது வேற..."

"விருதாவது ஒண்ணாவது! அங்க ஒரு மனுஷிக்கு வேலை போகுது சார். நீங்க எழுதலைன்னா நான் என் பக்கத்துல எழுதறேன்."

ஆசிரியர் நல்ல மனிதர்தான், எண்களைக் கண்டால் மயங்குவார், அவ்வளவுதான். எழுதினார். எழுதிய பத்தாவது நிமிடம் இணையம் எள்ளும் கொள்ளுமாக வெடித்தது. அந்த மெக்கானிக் இவளுக்கு நாத்தனார் என்பதை எவனோ தோண்டி எடுத்துவிட்டான். "குடும்பத்தைக் காப்பாத்த இப்ப கதை விடறா" என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். படக்காரி அசரவில்லை. விசாரணை நடத்தவிருந்த பொறியாளருக்கே போன் செய்து, பட்டியலைப் பற்றிச் சொன்னாள்.

"அம்மா, பட்டியலை யார் வேணும்னாலும் தட்டச்சு பண்ணலாம்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "நாளைக்கு என் கண் முன்னாடி, அதே கம்பம், அதே விளக்கு. விளக்கு எரியணும், படத்துல இருட்டா விழணும். விழுந்தா உங்க பேச்சைக் கேக்கறேன். விழலைன்னா, மன்னிச்சுக்கோங்க, நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"விழும் சார்! விழாம எங்க போகும்?" என்றாள் படக்காரி.

புதன்கிழமை பதினோரு மணிக்குச் சந்திப்பில் கூட்டம் அலைமோதியது. சாலையில் மஞ்சள் பெயிண்ட் இன்னும் முழுதாகப் போகவில்லை; வந்தவர்களின் செருப்பில் எல்லாம் ஒட்டியது. பொறியாளர் கையில் ஃபைலோடு நின்றார். ஆசிரியர் போனை ஒரு கம்பில் மாட்டி நேரலை தொடங்கியிருந்தார். முப்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டிருந்தார். வேன் டிரைவர் கட்டுப் போட்ட கையோடு ஓரமாக நின்றார். நாத்தனார் நீலச் சட்டையில், கம்பத்தில் சாய்த்த ஏணியடியில், தலையை நிமிர்த்தி நின்றிருந்தார். படக்காரி பக்கம் திரும்பவே இல்லை. தம்பி போய் "அக்கா" என்றதற்கும், "வந்தியா" என்று ஒரு சொல்தான்.

பொறியாளர் சொன்னபடி நாத்தனார் சிக்னல் பெட்டியைத் திறந்து, சிவப்பு மாறாமல் நிற்கும்படி வைத்தார். சிவப்பு எரிந்தது. கூட்டம் மொத்தமும் அதைக் கண்ணால் பார்த்தது.

படக்காரி அதே வேகத்தை வைத்தாள். விளக்கு திரை நிறையும்படி இழுத்து வைத்துக்கொண்டாள். பொறியாளர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அழுத்தினாள்.

சிவப்பு. பளபளவென்று, கொழுத்த சிவப்பு.

"பரவால்ல சார், ரெண்டு மூணு எடுத்தாதான் மாட்டும்," என்றாள். அழுத்தினாள். சிவப்பு. அழுத்தினாள். சிவப்பு. பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒன்றுகூட மங்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "விளக்கு ஜோரா எரியுதும்மா, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறே?" என்று கேட்க, கொல்லென்று சிரித்தார்கள். நேரலையில் சிரிப்புப் பொம்மைகள் ஊற்றாகப் பொங்குவதை ஆசிரியர் சொல்லவில்லை. அவர் முகமே சொல்லிற்று. முப்பது. நாற்பது. கணவன் ஓடி வந்து வேகத்தைச் சரிபார்த்தான். வேகம் திங்கட்கிழமை இருந்தபடியேதான் இருந்தது.

பொறியாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "போதும்மா," என்றார்.

அப்போதுதான் ஏணியடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு நிமிஷம் சார்."

நாத்தனார் பேனாவைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு வருடத்தில் முதல்முறையாகப் படக்காரியின் பக்கத்தில் நின்று, கேமராவின் திரையை உற்றுப் பார்த்தார். நாற்பது சிவப்பையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். மெக்கானிக் மெக்கானிக்தான், தன் வேலை போகிற நேரத்திலும், கணக்கு உதைத்தால் அவருக்குப் பொறுக்காது.

"இது சரியில்லையே," என்றார். "மின்சாரத்துல ஓடற விளக்கு கூடும், குறையும், கூடும், குறையும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதுதான் அதோட குணம். நாப்பது தடவை எடுத்தா நாப்பது விதமா வரணும். இது என்ன, அச்சடிச்ச மாதிரி எல்லாமே ஒரே சிவப்பு? உன் கேமராப் பொட்டி, விளக்கு நல்லா எரியற நேரமாப் பாத்துப் பாத்து அமுக்குதாடி?"

படக்காரி வாயைப் பிளந்தாள். "அண்ணி..."

"என்ன?"

"கேக்கு!"

"என்ன கேக்கு?"

"நேத்து ஆபீஸ்ல எனக்குக் கேக் வெட்டினாங்க அண்ணி! குழல் விளக்குல பட்டை விழக்கூடாதுன்னு, விளக்கு பிரகாசமா இருக்கறப்ப மட்டும் எடுன்னு போட்டு வச்சேன்! இப்பவும் அதே வேலையைத்தான் பாக்குது, எடுக்க மறந்துட்டேன்! ஐயோ, நான் ஒரு மக்கு!"

"மக்குதான்," என்றார் நாத்தனார். "எடு அதை."

மெனுவுக்குள் விரல் பாய்ந்தது. ஏற்பாட்டை எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

சிவப்பு.

அழுத்தினாள். மங்கலான, சோகை பிடித்த சிவப்பு.

அழுத்தினாள். கறுப்பு!

"விழுந்துடுச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் பொறியாளரின் பேனா கீழே விழுந்தது. அவர் திரையைப் பார்த்தார். அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. திரையில் அமாவாசை. "குடும்மா இப்படி," என்று கேமராவைத் தானே வாங்கினார். பெரிய விரலால் அழுத்தினார். சிவப்பு. அழுத்தினார். கறுப்பு. அந்த மனிதரின் களைத்த முகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் சிரிப்பு வந்துவிட்டது. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். கூட்டம் "எரியுது! எரியல! எரியுது! எரியல!" என்று சேர்ந்து கத்த ஆரம்பித்தது. ஆசிரியர் கம்பை மேலே தூக்கிக்கொண்டு, "அறுபதாயிரம்! எழுபதாயிரம்!" என்று துள்ளினார்.

நாற்பதில் பதினொன்று கறுப்பு.

"விளக்குல கோளாறா?" என்று கேட்டார் பொறியாளர். கேட்க வேண்டிய கேள்விதான்.

"இல்லைங்க. இந்த ஜாதி விளக்கு எல்லாமே இப்படித்தான்," என்றார் நாத்தனார். "எதிர்க் கம்பத்தைப் புடிங்க. அதை நான் தொட்டே ரெண்டு வருஷமாச்சு."

எதிர்க் கம்பத்தைப் பிடித்தார்கள். பத்தில் மூன்று கறுப்பு. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஓரத்தில் நின்ற வேன் டிரைவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் விளக்கையே பாக்கலைங்க. அதான் நிஜம். எல்லாரும் எரியலன்னாங்க, நானும் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்கக்கா," என்றார். பொறியாளர் ஃபைலைத் திறந்து, ஒரு தாளை எடுத்து நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்கம்மா," என்றார்.

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே மூணு கம்பம் பாக்கி இருக்கு," என்றார் நாத்தனார். குரல் கெத்தாகத்தான் இருந்தது. கண்தான் நிரம்பியிருந்தது. திரும்பிப் போய், சிவப்பில் நிறுத்தி வைத்த சிக்னலை ஓட விட்டார். அதுவரை பொறுமையாக நின்ற வண்டிகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பின.

ஆசிரியர் ஓடி வந்தார். "அம்மாடி, இந்த நேரலை அந்தப் படத்தையே தூக்கிச் சாப்பிட்டுடும் போலிருக்கு! ஆனா விருதுக்கு இனிமே அந்தப் படத்தை..."

"அனுப்பாதீங்க சார்," என்றாள் படக்காரி. அப்படிச் சொல்வதற்கு அவளுக்கு வருத்தமாக இருந்தது. பொய் எதற்கு, நன்றாகவே வருத்தமாக இருந்தது. அந்த மஞ்சள் பெயிண்ட் மாதிரி இன்னொரு தடவை அவளுக்கு வாய்க்கப் போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

கேமராவைப் பைக்குள் வைக்கப்போனவளை நாத்தனார் தடுத்தார். "எங்க கிளம்பிட்டே? என்னை ஒண்ணு எடு."

"உங்களையா?"

"என் கம்பத்தோட எடு. உலகம் பூரா அதை அணைஞ்ச கம்பம்னு பாத்திருக்கு இல்ல? எரியற கம்பம்னும் பாக்கட்டும்."

ஏணியில் நாலு படி ஏறி, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு விழுந்தது. படக்காரி இந்தத் தடவை வேகத்தைக் குறைத்து, பொறுமையாக ஆறு படம் எடுத்தாள். கணவன் பழக்க தோஷத்தில் மடிக்கணினியைத் திறந்து, "கார்டைக் குடு, சல்லடையில போட்டு..." என்று ஆரம்பித்தான்.

"என்னது அது?" என்றார் நாத்தனார் ஏணியிலிருந்தபடியே.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று படக்காரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: திங்கட்கிழமைப் படத்தைத் தேர்ந்தெடுத்தது யார், பிறந்தநாள் படத்தைத் தேர்ந்தெடுத்தது யார், அதை எழுதியது யார் என்பதுவரை. "நான் ஐம்பதையும் பாக்கவே இல்ல அண்ணி. அது குடுத்ததை அப்படியே போட்டுட்டேன். பாத்திருக்கணும். ரெண்டு படத்தையும் நான் பாத்திருக்கணும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் மடிக்கணினியைச் சத்தமில்லாமல் மூடினான். "ரெண்டு வருஷமா எனக்குத் தாடை போட்டவன் என் கூடப் பொறந்தவனா! உன்னை வீட்ல வந்து பேசிக்கறேன்," என்றார். இறங்கி வந்து கையை நீட்டினார். "கேமராவைக் குடு. நானே பாக்கறேன்."

ஆறு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே படவில்லை. முதலாவதில் முகம் லட்சணமாக இருந்தது, தாடை ஒன்றே ஒன்று. ஆனால் விளக்கைப் பக்கத்து மரத்தின் இலை பாதி மறைத்திருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பார்க்க நன்றாகவே இருந்தன. ஐந்தாவதில் நின்றார். அதில் அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், கண் சுருங்கியிருந்தது, தாடை சந்தேகமே இல்லாமல் இரண்டு. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு கண்கூச எரிந்தது.

"இதைப் போடு," என்றார்.

"அண்ணி, அதுல..." என்று படக்காரி தயங்கினாள்.

"எனக்குத் தெரியும். கண்ணு எனக்கும் இருக்கு." கேமராவை அவள் கையில் திரும்ப வைத்து, அந்தக் கையை ஒரு தடவை அழுத்தினார். "இதுலதான் விளக்கு நல்லா எரியுது."